ஜப்பானில் பக்கத்துத் தெருச் சாப்பாட்டுக் கடை: நம்மூரிலிருந்து புதிதாகப் போகிறவர்களுக்கு

பாளையங்கோட்டை, தென்காசி, வள்ளியூர் என்று நம் பக்கத்திலிருந்து ஜப்பானுக்கு வேலைக்குக் கிளம்புகிற பிள்ளைகள் இப்போது அங்கங்கே கண்ணில் படுகிறார்கள். மென்பொருள் வேலைக்குப் போகிறவர்கள் முன்பே உண்டு. 2019 ஏப்ரலில் ஜப்பான் திறன் தொழிலாளர்களுக்கென்று தனி விசா கொண்டுவந்து, 2021 ஜனவரியில் அதற்காக இந்தியாவோடும் ஒப்பந்தம் போட்ட பிறகு, முதியோர் பராமரிப்புக்கும் தொழிற்சாலைக்கும் போக மொழி படிக்கிறவர்களும் சேர்ந்திருக்கிறார்கள். கிளம்புமுன் என்னிடம் வந்து கேட்பதில் பாதி சாப்பாட்டைப் பற்றித்தான். அரிசி கிடைக்குமாண்ணே, குக்கர் கொண்டுபோகலாமா, இட்லிப்பொடியை விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்களா. (மின்சாரக் குக்கர் வேண்டாம். நம்முடையது 230 வோல்ட், அங்கே மின்சாரம் 100 வோல்ட், சோறு வேகாது. அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.)

நான் எல்லாரிடமும் சொல்வது ஒன்றுதான். அறையில் பொங்கித் தின்னுங்கள், தப்பில்லை. ஆனால் வாரத்தில் ஒரு நாளாவது குடியிருக்கிற தெருவில் இருக்கும் சின்னக் கடைக்குப் போய் உட்கார்ந்து சாப்பிடுங்கள். போன புதிதில் நம் பிள்ளைகள் பலர் இருபத்து நாலு மணி நேரக் கடையில் ரொட்டியும் ஓனிகிரி சோற்று உருண்டையும் வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிடுகிறார்கள். எதிர்ச்சாரியில் எட்டுப் பத்து நாற்காலி போட்ட கடை இருக்கும், மீன் சுடுகிற வாசம் வரும், வாசலில் தொங்குகிற துணியை விலக்கி உள்ளே போகத்தான் மனசு வராது. பாஷை தெரியாது, என்ன செய்ய வேண்டும் என்று தெரியாது, யாராவது முறைத்தால் என்ன செய்வது என்ற பயம். பாஷை ரொம்ப வேண்டியதில்லை. அங்கே ஒவ்வொன்றும் ஒரு ஒழுங்கில் நடக்கும், அந்த ஒழுங்கு எல்லாக் கடைக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அதைத்தான் கீழே எழுதுகிறேன்.

கிளம்புமுன்: எது வேண்டாம் என்று முடிவு செய்யுங்கள்

கடைக்குள் உட்கார்ந்துகொண்டு இதை யோசிக்கக் கூடாது. நம்மில் சைவ வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஹலால் பார்க்கிற மேலப்பாளையம், கடையநல்லூர்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள், மாடு மட்டும் வேண்டாம் என்கிறவர்கள் இருக்கிறார்கள், புரட்டாசியில் மட்டும் கவிச்சி தொடாதவர்களும் இருக்கிறார்கள். யாராக இருந்தாலும் ஒரு விஷயத்தை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஜப்பானியச் சமையலுக்கு அடிப்படை தாஷி என்கிற சாறு. மிசோ சூப் (புளிக்கவைத்த சோயா விழுது கரைத்தது), உதோன், சோபா என்கிற நூடுல்ஸ், வேகவைத்த காய்கறி, முட்டைச் சுருள், மாவில் தோய்த்துப் பொரித்த டெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளத் தருகிற சாறு என்று எங்கே திரும்பினாலும் அது இருக்கும். அதில் பெரும்பாலும் போடுவது கட்சுவோபுஷி. சூரை மீனை வேகவைத்து, புகைபோட்டு, இறுகக் காயவைத்து, மெல்லிசாகச் சீவிப் போடுகிறார்கள். தூத்துக்குடி, காயல்பட்டினம் வீடுகளில் இடித்துச் சம்பல் செய்கிறோமே மாசி, அதற்கு இது ஒன்றுவிட்ட தம்பி மாதிரி: மீனும் அதே சூரை, அவிப்பதும் புகைபோடுவதும் அதே, உயர்ந்த வகைக்கு மட்டும் ஜப்பானியர்கள் மேலே ஒரு பூஞ்சையைப் படரவிட்டு மறுபடி மறுபடி காயவைப்பார்கள். நிபோஷி என்று இன்னொன்று உண்டு, அது அவித்துக் காயவைத்த நெத்திலி. மாசி பிடித்த ஆளுக்கு முதல் நாளே மிசோ சூப் பிடித்துவிடும் என்று தைரியமாகச் சொல்வேன்.

சைவர்களுக்கு இங்கேதான் சிக்கல். தட்டில் மீன் துண்டோ கறியோ தெரியாது, காய்கறி மட்டும் தெரியும், ஆனால் சாறு மீன் சாறு. கொம்பு என்கிற கடற்பாசியும் காய்ந்த காளானும் மட்டும் போட்ட தாஷியும் உண்டு, புத்த கோயில் சமையலில் அதுதான். தெருக்கடையில் அதை எதிர்பார்க்க முடியாது. ஆகவே இரண்டில் ஒன்றை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்: சாறு பரவாயில்லை, துண்டு மட்டும் வேண்டாம் என்பதா, சாறும் கூடாது என்பதா. முதலாவது என்றால் தெருவில் பாதிக் கடை உங்களுக்குத் திறந்திருக்கிறது. இரண்டாவது என்றால் கடை குறையும், ஆனால் பட்டினி இல்லை. வெள்ளைச் சோறு, எடமாமே என்கிற அவித்த பச்சைச் சோயாக் காய், கட்சுவோபுஷி தூவாமல் கேட்டு வாங்கிய குளிர்ந்த டோஃபு (சோயாப் பனீர்), வெள்ளரிக்காய் வைத்துச் சுருட்டிய கப்பா மாகி சுஷி, உமேபோஷி என்கிற உப்பில் போட்ட புளிப்புக்காய் வைத்த ஓனிகிரி, இவை இருக்கின்றன. காய்கறி டெம்புராவுக்குச் சாறுக்குப் பதில் உப்புக் கேளுங்கள், "ஷியோ" என்றால் தருவார்கள். மாவில் முட்டை இருக்கலாம், அதே எண்ணெயில் இறாலும் பொரிந்திருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். காய்கறிக் குழம்பு என்று நம்பி ஜப்பானியக் கறி ரைஸை வாங்காதீர்கள், குழம்புக் கட்டியிலேயே பெரும்பாலும் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ இருக்கும். இனாரி என்கிற டோஃபுப் பை சுஷியும் பார்வைக்குச் சைவம், அந்தப் பையைத் தாஷியில்தான் வேகவைத்திருப்பார்கள். நாட்டோ என்கிற புளிக்கவைத்த சோயாவோடு வரும் சின்னச் சாறு பாக்கெட்டிலும் மீன் இருக்கும், அதைப் பிரிக்காமல் சோயா சாஸ் மட்டும் விட்டுக்கொள்ளலாம்.

ஹலால் பார்க்கிறவர்கள் பன்றியை மட்டும் கவனித்தால் போதாது. டோன்கொட்சு ராமென் என்கிற நூடுல்ஸ் முழுக்கப் பன்றி எலும்புச் சாறு என்பது பலருக்குத் தெரியும். தெரியாதது மிரின், சமையல் சாகே இரண்டும், அரிசியிலிருந்து செய்கிற சமையல் மது அவை. தெரியாக்கிச் சாறு பூசிய கோழியிலும் இனிப்புச் சாற்றில் வேகவைத்த மீனிலும் அவை சேரும். உப்பு மட்டும் தடவிச் சுட்ட மீன், ஷியோயாக்கி, இருப்பதில் சிக்கல் குறைந்தது. அதிலும் சிலர் லேசாக சாகே தெளிப்பார்கள், கேட்டுவிடுங்கள். ஹலால் என்று எழுதிப்போட்ட கடைகள் பெரிய ஊர்களில் இருக்கின்றன, வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் கேட்டால் இடம் சொல்லிவிடுவார்கள்.

முடிவு செய்ததை ஒரு அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். உடன் வேலை பார்க்கிற ஜப்பானியர் யாரிடமாவது சொன்னால் இரண்டு நிமிடத்தில் எழுதித் தருவார். "வெஜிடேரியன்" என்று பொதுவாக எழுத வேண்டாம், அங்கே அது மீன் சாற்றையோ பன்றித் துணுக்கையோ தடுக்காது. மாடு கியூ, பன்றி புத்தா, கோழி தோரி, மீன் சகானா, முட்டை தமாகோ என்று ஒவ்வொன்றாக, எது கூடாதோ அதை மட்டும் எழுதச் சொல்லுங்கள். சாறும் கூடாது என்றால் தாஷியும் கூடாது என்று தனியாக ஒரு வரி. வாயால் சொல்ல "நிக்கு மோ சகானா மோ தபேமாசென்" போதும், கறியும் மீனும் சாப்பிடமாட்டேன் என்றாகும்.

இந்த அட்டையை உட்காருமுன் காட்ட வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வீர்கள் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். நம்மூர் மெஸ்ஸில் அண்ணாச்சியிடம் வெங்காயம் இல்லாம, காரம் கொஞ்சம் தூக்கலா என்று உட்கார்ந்த பிறகு எதையும் கேட்கலாம். அங்கே சின்னக் கடையில் ஒருவரோ இருவரோதான் சமைக்கிறார்கள், சாறும் மசியலும் காலையிலேயே தயாராகிவிடும், நடுவில் மாற்றித்தருவது வழக்கம் இல்லை. தட்டு வந்த பிறகு இது வேண்டாம் என்று தள்ளிவைத்தால் அந்த மனிதர் உண்மையாகவே வருத்தப்படுவார். வாசலிலேயே காட்டினால் படித்துப் பார்த்து, இது முடியும் என்று ஒன்றைத் தொட்டுக் காட்டுவார், அல்லது தலையைச் சாய்த்துப் பல்லிடுக்கில் மூச்சை இழுத்துக்கொண்டு யோசிப்பார். அப்படி யோசித்தால் முடியாது என்றே எடுத்துக்கொண்டு, லேசாகத் தலைகுனிந்து, "சுமிமாசென்" (மன்னிக்கவும்) என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள். யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

எந்தக் கடைக்கு முதலில்

முதல் தடவை தேய்ஷோகு கடைக்குப் போங்கள். ஒரு தட்டில் சோறு, மிசோ சூப், கொஞ்சம் ஊறுகாய், ஒரு முக்கிய உணவு எல்லாம் சேர்ந்து வரும். மதியத்தில் 800 முதல் 1,200 யென் வரை ஆகும். ஆயிரம் யென் என்பதை நம் பணத்தில் 500, 600 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீன் சாப்பிடுகிறவர் என்றால் சபா ஷியோயாக்கி கேளுங்கள், கானாங்கெளுத்தி இனத்து மீனை உப்புத் தடவிச் சுட்டு, பக்கத்தில் துருவிய முள்ளங்கி வைத்துத் தருவார்கள். நம் நாக்குக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியாது.

அவசரத்துக்கு கியூதோன் கடைகள், கிண்ணச் சோற்றின் மேல் கறி போட்டுத் தருகிறவை: யோஷினோயா, சுக்கியா, மட்சுயா. சுமார் 500 யென்னுக்கு வயிறு நிறையும், ராத்திரி நேரம் கழித்தும் திறந்திருக்கும். ஆனால் கியூதோன் மாட்டிறைச்சி. கோழியும் முட்டையும் போட்டது ஓயாகோதோன், பன்றி போட்டது கட்சுதோன், படத்தில் மூன்றும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும், பெயரைப் பார்த்து வாங்குங்கள்.

சுழலும் சுஷிக் கடை குடும்பத்தோடு போகிறவர்களுக்கு நல்லது. 1958-இல் ஒசாகா பக்கம் ஷிராய்ஷி யோஷியாக்கி என்பவர் பீர் தொழிற்சாலையில் பாட்டில் நகர்கிற பட்டையைப் பார்த்துத் தொடங்கியது இந்த முறை. இப்போது பல கடைகளில் தட்டு சும்மா சுற்றுவதில்லை, மேசையில் உள்ள திரையில் தொட்டால் உங்கள் தட்டு மட்டும் வந்து நிற்கும், திரையை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். பச்சை மீன் வேண்டாதவர்களுக்கு முட்டை, வெள்ளரி, சோளம், பொரித்தது என்று உண்டு. மேசையில் ஒரு குழாய் இருக்கும், அதைக் கை கழுவ என்று நினைத்துத் திறக்காதீர்கள். கொதிநீர். தேநீர்ப் பொடியில் ஊற்றிக் குடிப்பதற்கு.

நேரம் முக்கியம். மதியம் 11 அல்லது 11.30-க்குத் திறந்து 2 மணி போல் பல சின்னக் கடைகள் மூடிவிடும், மறுபடி சாயங்காலம் 5, 5.30-க்குத்தான். மூன்று மணிக்குப் பசித்தால் யோஷினோயா மாதிரி ஊரெல்லாம் கிளை உள்ள கடைதான் கதி. புதிதாகப் போகிறவர்கள் பன்னிரண்டு முதல் ஒன்று வரை வேண்டவே வேண்டாம், அலுவலகக் கூட்டம் மொத்தமும் அப்போதுதான் வரும், உங்கள் அட்டையைப் படிக்கக்கூட அவர்களுக்கு நேரம் இருக்காது. ஒன்றேகாலுக்குப் போங்கள்.

வாசலில்

கடை திறந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்? வாசலில் நோரென் என்கிற துணி தொங்கினால் திறந்திருக்கிறது, அதைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டால் மூடியாயிற்று. விளக்கு எரிவதையும் ஆள் நடமாடுவதையும் வைத்து முடிவு செய்யக் கூடாது. சில கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் உணவின் மாதிரிகளை அச்சு அசலாகச் செய்து வைத்திருப்பார்கள், விலையும் பக்கத்தில் இருக்கும். அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டு உள்ளே போய்க் காட்டினால் பாதி வேலை முடிந்தது.

கதவைப் பக்கவாட்டில் தள்ளித் திறக்கிறீர்கள், உள்ளே இருக்கிற அத்தனை பேரும் "இரஷாய்மாசே" என்று உரக்கச் சொல்வார்கள். பதில் சொல்ல வேண்டாம், லேசாகத் தலையசைத்தால் போதும். காலியாக இருக்கிறதே என்று நீங்களாகப் போய் உட்காராதீர்கள். எத்தனை பேர் என்று கேட்பார்கள், விரலைக் காட்டுங்கள். "ஹிதோரி" என்றால் ஒருவர், "ஃபுதாரி" இருவர். அட்டை காட்டுவதும் இப்போதுதான். தனியாகப் போனால் சமையல்காரருக்கு எதிரே உள்ள நீள மேசைப் பலகை முன்னால் உட்காரவைப்பார்கள், அதைக் குறைவாக நினைக்க வேண்டாம், கடையில் நல்ல இடமே அதுதான், மீன் சுடுவதையும் முட்டை சுருட்டுவதையும் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

உயர்த்திய தளமும் பாய் விரிப்பும் இருந்தால் செருப்பைக் கழற்ற வேண்டும். நமக்கு இது பழக்கம்தான். காலுறை மட்டும் கிழியாமல் இருக்கட்டும். அப்புறம், கழிவறைக்குத் தனிச் செருப்பு வைத்திருந்தால் அதை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

காசு போட்டுச் சீட்டு எடுக்கிற கடை

ராமென் கடைகளிலும் கியூதோன் கடைகள் சிலவற்றிலும் வாசலிலேயே ஒரு இயந்திரம் நிற்கும். காசை முதலில் போட வேண்டும், அப்போதுதான் பொத்தானில் விளக்கு எரியும். பொத்தானை அழுத்தினால் சீட்டு வரும், மீதிக் காசு தானாக வராவிட்டால் அதற்கென்று ஒரு நெம்பு இருக்கும், அதைத் திருப்புங்கள். எது என்று தெரியாவிட்டால் இடப்பக்கம் மேல் மூலையில் இருக்கிற பொத்தான், அந்தக் கடையின் பெயர்பெற்ற உணவு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பழைய இயந்திரங்கள் 1,000 யென் தாளை மட்டும்தான் வாங்கும், அதிலும் 2024 ஜூலையில் வந்த புதுத் தாள்களை மாற்றி அமைக்காத இயந்திரங்கள் திருப்பித் துப்பிவிடும். ஆகவே பையில் சில்லறையும் ஆயிரம் யென் தாளும் எப்போதும் இருக்கட்டும். பின்னால் ஆள் நின்றால் பதறாதீர்கள், ஒதுங்கி வழிவிட்டுப் பிறகு நிதானமாக எடுங்கள். போனில் உள்ள கூகுள் டிரான்ஸ்லேட்டின் கேமராவைப் பொத்தான்களின் மேல் காட்டினால் ஓரளவு படித்துவிடும், கையால் எழுதிய பலகைகளில்தான் அது தடுமாறும்.

உட்கார்ந்து சீட்டை எதிரில் வைத்தால் எடுத்துக்கொள்வார்கள். ராமென் கடையில் சாப்பிட்டு முடித்ததும் எழுந்துவிட வேண்டும், வெளியே வரிசை நிற்கும். கிண்ணத்தை எதிரே உயரத்தில் உள்ள பலகையில் தூக்கி வைத்துவிட்டு, முன்னால் சிந்தியதைத் துடைத்துவிட்டுக் கிளம்பினால் சமையல்காரர் முகத்தில் சந்தோஷம் தெரியும்.

உட்கார்ந்த பிறகு

ஈரத்துண்டு வரும், அது கைக்கு மட்டும், முகத்தையும் கழுத்தையும் துடைக்காதீர்கள், எவ்வளவு வெயிலில் வந்திருந்தாலும் சரி. தண்ணீரோ தேநீரோ இலவசம், தீர்ந்தால் மறுபடி ஊற்றுவார்கள், சில இடங்களில் நாமே போய் எடுத்துக்கொள்ள வேண்டும். பைக்குக் காலடியில் கூடை இருக்கும். ஆளைக் கூப்பிட "சுமிமாசென்" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லலாம், மேசையில் பொத்தான் இருந்தால் அதை அழுத்தினால் போதும். கை தட்டிக் கூப்பிடுவதும் ஏய் என்பதும் எந்த ஊரிலும் கூடாது. மெனு அட்டையில் உள்ள படத்தைத் தொட்டு, "கொரே, ஒனேகாய்ஷிமாஸ்", இது கொடுங்கள் என்று அர்த்தம். சோறு கூடுதலாக வேண்டும் என்றால் ஆர்டர் சொல்லும்போதே "ஓமோரி". சில தேய்ஷோகு கடைகளில் சோறு எத்தனை தடவை வேண்டுமானாலும் போடுவார்கள், "ஓகாவாரி" என்று கிண்ணத்தை நீட்டுங்கள். நம்மூர்ப் பிள்ளைகளுக்கு முதல் கிண்ணம் போதாது என்பது எனக்குத் தெரியும், கூச்சப்படாமல் கேளுங்கள். கேட்டு வாங்கியதை மிச்சம் வைக்கக் கூடாது, அவ்வளவுதான். ஒரு பருக்கையும் ஒட்டாமல் காலி செய்த கிண்ணத்தை அவர்கள் கவனிக்கிறார்கள். மிச்சத்தைப் பொட்டலம் கட்டித் தருவது அங்கே பரவலான வழக்கம் இல்லை, கெட்டுப்போய்விடும் என்று பயப்படுவார்கள்.

காரம் இல்லையே என்று கவலை வரும். மேசையில் ஷிச்சிமி என்று ஏழு பொருள் சேர்ந்த மிளகாய்ப்பொடி இருக்கும், சூப்பிலும் உதோனிலும் தூவிக்கொள்ளுங்கள். பையிலிருந்து ஊர் ஊறுகாயை எடுக்காதீர்கள், வெளிச் சாப்பாட்டைக் கடைக்குள் பிரிப்பது அவர்களுக்குப் பிடிக்காது. சோற்றின் மேல் சோயா சாஸை ஊற்றுவதும் வழக்கமில்லை, சின்னத் தட்டில் ஊற்றித் தொட்டுக்கொள்ள வேண்டும்.

சாப்பிடுமுன் "இதாதாகிமாஸ்". கையைக் கூப்பிச் சொல்வார்கள், நமக்கு அது வெகு இயல்பாக வரும்.

இடக்கையும் குச்சியும்

நம் ஆட்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சின்ன வயதிலிருந்து இடக்கை சாப்பாட்டில் படக் கூடாது என்று அடித்து வளர்த்திருக்கிறார்கள். இலையில் உட்கார்ந்தால் இடக்கை மடியில் இருக்கும், தண்ணீர்த் தம்ளரைத் தொடுவதோடு சரி. ஜப்பானில் இடக்கையைக் கீழே போட்டுக்கொண்டு சாப்பிட்டால்தான் அது ஒழுங்கற்ற பழக்கம். சோற்றுக் கிண்ணத்தையும் சூப்புக் கிண்ணத்தையும் இடக்கையில் ஏந்தி, நெஞ்சுக்கு நேரே தூக்கி, நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டுத் தலையை அதன் மேல் கவிழ்த்துச் சாப்பிடுவதைத்தான் அங்கே குழந்தைகளுக்குக் கண்டித்துச் சொல்வார்கள். முதலில் உங்களுக்கே கூசும், அடியில் பெருவிரலைத் தவிர மற்ற நான்கையும் கொடுத்து, பெருவிரலை விளிம்பில் வைத்துப் பிடித்துப் பழகுங்கள், சீக்கிரம் கை தானாகப் போகும். பெரிய ராமென் கிண்ணத்தையும் மீன் தட்டையும் தூக்க வேண்டாம். சூப்புக்குக் கரண்டி வராது, கிண்ணத்தை வாயில் வைத்தே குடிக்கலாம். அண்ணாந்து குடித்துப் பழகியவர்களுக்கு இதுவும் புதிதுதான்.

சாப்பிடுகிற குச்சியில் இரண்டு விஷயம் கட்டாயம். சோற்றில் நட்டுக்குத்தலாகக் குத்தி நிறுத்தாதீர்கள், இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில்தான் அப்படி நிறுத்துவார்கள். உங்கள் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு எதையும் நேராகக் கைமாற்றாதீர்கள், தகனத்துக்குப் பிறகு எலும்பை எடுப்பது அப்படித்தான். நம்மூரில் காரியம் நடந்த வீட்டுப் பழக்கங்களை நல்ல நாளில் செய்தால் பெரியவர்களுக்கு எப்படி இருக்குமோ அவர்களுக்கும் அப்படியே இருக்கும். கிண்ணத்தைக் குச்சியால் இழுப்பது, குச்சியால் ஆளைச் சுட்டுவது, இவையும் வேண்டாம். குச்சி வசப்படவில்லையா, "சுப்பூன்" என்று கேளுங்கள், கரண்டி தருவார்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள். கையால் சாப்பிட ஆசையாக இருந்தால் சுஷிக் கடைக்குப் போங்கள், அங்கே கையால் எடுத்துச் சாப்பிடுவது முழுக்க ஏற்றுக்கொண்ட முறை. சோற்றுத் தட்டில் மட்டும் கையை வைக்காதீர்கள்.

உதோன், சோபா, ராமென் மூன்றையும் சத்தம் போட்டு உறிஞ்சலாம். மற்ற எதையும் சத்தம் போட்டுச் சாப்பிடக் கூடாது, ஏப்பமும் கூடாது.

எச்சில் பார்க்கிறவர்கள் கவனத்துக்கு: நடுவில் ஒரு தட்டு வைத்து எல்லாரும் எடுத்துக்கொள்கிற சாப்பாட்டில் பொதுக் குச்சி ஒன்று இருக்கும், இல்லாவிட்டால் கேட்டு வாங்கலாம். நெருக்கமானவர்கள் தங்கள் குச்சியாலேயே எடுப்பார்கள். உங்களுக்கு ஒப்பாது என்றால், பரிமாறியதும் முதலிலேயே உங்கள் தட்டுக்கு எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

அலுவலகத்தார் இசகாயாவுக்குக் கூப்பிட்டால்

போங்கள். இசகாயா என்பது குடித்துக்கொண்டே சாப்பிடுகிற கடை, குடிக்காதவர்களும் போகலாம், ஊலாங் தேநீர் கேட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம், ஒரு தடவை மறுத்தால் பெரும்பாலும் வற்புறுத்த மாட்டார்கள். எல்லாருக்கும் தம்ளர் வந்து "கன்பாய்" சொல்லும் வரை குடிக்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் தம்ளர் குறைந்தால் நீங்கள் ஊற்றுங்கள், உங்களுக்கு அவர் ஊற்றுவார். உட்கார்ந்ததும் கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணத்தில் ஏதாவது வரும், அது ஓதோஷி, தலைக்கு 300 முதல் 500 யென் வரை பில்லில் ஏறும். ஏமாற்று வேலை என்று சண்டைக்குப் போகாதீர்கள், உட்காருவதற்கான கட்டணம் அது. சைவர்கள் அட்டையை முதல் நாளே ஏற்பாடு செய்கிறவரிடம் கொடுத்துவிட்டால் அவர் கடையில் முன்கூட்டிப் பேசிவிடுவார், மேசையில் எல்லார் முன்னும் சங்கடம் இருக்காது. சின்ன, பழைய இசகாயாக்களில் இன்னும் புகைபிடிக்க அனுமதி உண்டு, புகை ஆகாதவர்கள் இதையும் சொல்லிவிடுங்கள்.

பணம்

பில் சீட்டு மேசையில் கவிழ்த்து வைத்திருக்கும், அதை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் உள்ள கல்லாவுக்குப் போங்கள். சீட்டு இல்லாவிட்டால் "ஓகாய்கே ஒனேகாய்ஷிமாஸ்" என்று கேட்கலாம். பணத்தைக் கையில் கொடுக்காமல் அங்கே இருக்கிற சின்னத் தட்டில் வையுங்கள், மீதியும் அதில்தான் வரும். விற்பனை வரி உட்கார்ந்து சாப்பிட்டால் 10 சதவீதம், வாங்கிக்கொண்டு போனால் 8, மெனு அட்டையில் போட்ட விலையில் அது பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும், இரண்டு விலை போட்டிருந்தால் பெரியதுதான் நீங்கள் கட்டுவது. சின்னக் கடைகளில் கிரெடிட் கார்டு வாங்காமல் இருக்கலாம், நம் யுபிஐயையும் நம்பிப் போகாதீர்கள், ரொக்கம் வேண்டும்.

டிப்ஸ் கிடையவே கிடையாது. நல்ல மனசோடு நூறு யென் வைத்துவிட்டு வந்தாலும், மறந்துவிட்டுப் போகிறார் என்று தெருவரைக்கும் ஓடிவந்து தருவார்கள்.

நண்பர்களோடு போனால் நான்தான் கொடுப்பேன் என்று கல்லாவில் கையைப் பிடித்து மல்லுக்கட்டுவது நம் ஊர்ப் பாசம். அங்கே ஒவ்வொருவரும் தன் பங்கைக் கொடுப்பது வழக்கம், "பெட்சு பெட்சு" என்றால் தனித்தனியாகப் போட்டுத் தருவார்கள். கூட்ட நேரத்தில் அதையும் கேட்காமல், வெளியே வந்து கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது "கொச்சிசோசாமா தேஷ்தா", சாப்பாட்டுக்கு நன்றி என்பது. இதை மட்டும் வாய்விட்டு, சமையல்காரர் காதில் விழுகிற மாதிரி சொல்லுங்கள்.

இன்னும் சில

அம்மாவுக்கு வீடியோ கால் போட்டுச் சாப்பாட்டைக் காட்ட வேண்டும் என்று தோன்றும். உள்ளே வேண்டாம். சாப்பாட்டைப் படம் எடுக்கலாம், ஆட்களையும் சமையல்காரரையும் எடுக்குமுன் போனைக் காட்டி அனுமதி கேளுங்கள், பேசுவதை வெளியே வந்து பேசுங்கள். ஜப்பான் நேரம் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால், இரவு எட்டரைக்குச் சாப்பிட்டு வந்தால் இங்கே ஐந்து மணி, அம்மா காபி போடுகிற நேரத்துக்குச் சரியாக இருக்கும்.

பிடித்துப்போன கடைக்கு அதே கிழமை, அதே நேரத்துக்குப் போய்வாருங்கள். மூன்றாவது நான்காவது தடவையில் அட்டையை நீட்டுமுன்பே உங்களுக்கு எது கூடாது என்று அவர்களுக்கு நினைவிருக்கும், ஒரு நாள் நீங்கள் கேட்காமலே டோஃபுவில் கட்சுவோபுஷி தூவாமல் வரும். அதற்காக அட்டையைப் பையிலிருந்து எடுத்துவிடாதீர்கள், அன்றைக்கு வேறு ஆள் நிற்கலாம். வாரத்தில் ஒரு நாள் கடை விடுமுறை இருக்கும், எந்தக் கிழமை என்று வாசல் பலகையில் போட்டிருப்பார்கள், முதல் தடவையே அதைப் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.